கொள்ளைநோய்க் காலத்து அடிமைக் கதையை எழுதுவது எப்படி: தாமிரபரணிக் கரையிலிருந்து சில குறிப்புகள்

நெல்லைச் சீமையில் கோபம் முற்றிய பாட்டிமார் “பேதியில போவான்” என்று ஏசுவதை இன்றும் கேட்கலாம். “கழிச்சல்ல போவான்” என்பது அதற்கு உடன்பிறப்பு. இப்போது அது வெறும் வசவு. காலையில் நாற்றங்காலுக்குப் போனவரைப் பொழுது சாய்வதற்குள் சுடுகாட்டுக்குத் தூக்கிய காலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த கனம் வேறு. பண்ணையாள் என்ற சொல்லும் அப்படியே தேய்ந்து, பழைய பண்ணை வீடுகளைப் பற்றிய நினைவுப் பேச்சில் ஒரு வேலைக்காரனின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் பின்னால் ஓலை எழுதி விற்கப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள் என்பது பேசுகிறவருக்கே நினைவில்லை. இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து, நோய் பரவிய ஒரு பருவத்தில் ஓர் அடிமை காட்டிய துணிவையும் இரக்கத்தையும் எழுத விரும்புகிறவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இவ்வகைக் கதைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அடிமையின் இரக்கம் எழுதுகிறவருக்கே தெரியாமல் எசமான விசுவாசமாக மாறிவிடும். என் முதல் வரைவில், பேச்சி என்னும் பண்ணையாள் பெண் தன்னை வைத்திருந்த வீட்டின் மூதாட்டியை காலரா என்னும் வாந்திபேதியிலிருந்து காப்பாற்றுகிறாள், வீடு அவளை வாழ்த்துகிறது, கதை முடிகிறது. படித்துப் பார்த்த நண்பர், “இதைப் பண்ணையார் வீட்டுக் கலியாண மலரில் போடலாம்” என்று மட்டும் சொன்னார். வருத்தமாக இருந்தாலும் அவர் சொன்னது சரி. மறுக்க முடியாதவர் செய்வதை ஊழியம் என்றுதான் சொல்ல முடியும். அவள் மறுத்திருக்கலாம் என்று வாசகர் உணர்கிற ஒரு கணத்தைக் கட்டினால்தான் அது இரக்கமாகும். இனிச் சொல்லும் எல்லாமே அந்த ஒரு கணத்தைக் கட்டுவதற்கான வேலைகள்.

ஆண்டைத் தேர்வது

“வெள்ளைக்காரன் காலத்தில்” என்று பொதுவாகத் தொடங்காமல் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் அடிமை என்ற நிலையின் பொருளே ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. தூத்துக்குடி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1673 முதல் 1677 வரையிலான வறட்சியிலும் சண்டையிலும் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது. கடற்கரைக் கதை எழுத நினைப்பவருக்கு அது ஒரு தனி உலகம். அங்கே பசி மனிதரை விலைக்குத் தள்ளுகிறது, தோணி அவர்களை ஊரிலிருந்தே பிரித்துவிடுகிறது. ஆற்றங்கரை நஞ்சை ஊர்களின் அடிமைமுறையோ மனிதரை மண்ணோடு கட்டிப்போட்டது. நிலம் கைமாறும்போது அதில் உழைக்கும் ஆட்களும் சேர்ந்தே கைமாறுவது உண்டு.

என்னைக் கேட்டால் 1843ஐ ஒட்டிய ஆண்டுகளைப் போல வளமான களம் வேறில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, இங்கே வழங்கிய கணக்கில் கொல்லம் 1018 பங்குனியில், அடிமைமுறை குறித்த ஐந்தாம் சட்டம் நிறைவேறியது. அதன் வாசகத்தை ஒருமுறையாவது நிதானமாகப் படித்துவிடுங்கள். வரிப் பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ அரசு அலுவலர் எவரும் அடிமை என்று சொல்லி ஒருவரை விற்கக் கூடாது. ஒருவர் மீது அடிமை உரிமை கோரினால் நீதிமன்றம் அதை ஏற்காது. அடிமை என்ற காரணம் காட்டி ஒருவர் உழைத்துச் சேர்த்ததைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். “நீங்கள் விடுதலை பெற்றீர்கள்” என்று தண்டோரா போட்டு அறிவிக்கும் சட்டமாக அது எழுதப்படவில்லை. வைத்திருப்பவர் விடுவித்தே ஆக வேண்டும் என்ற கட்டளையும் இல்லை, நிலமும் தரப்படவில்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862இல்தான். இடையிலிருந்த 19 ஆண்டுகளில், தான் இப்போது யார் என்பதே தெரியாத பேச்சிகள் எத்தனையோ பேர் வயலில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் மண் தானாகவே தருகிறது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டது. 1956 வரை நெல்லையோடு சேரவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை முழுவதுமாக ஒழித்த அரசாணை 1855இல்தான் வந்தது. ஆகவே 1843க்கும் 1855க்கும் நடுவே தென்காசியிலிருந்து மேற்கே சில மைல் நடந்தால், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றம் ஏற்காத ஓர் உரிமையை ஏற்கும் மண்ணுக்குப் போய்விடலாம். நோய்க்கு அஞ்சி ஓடும் குடும்பம் தன் ஆட்களையும் ஓட்டிக்கொண்டு மேற்கே போகிறதா, வடக்கே போகிறதா என்பது உங்கள் கதையில் உயிர்க் கேள்வியாகிவிடும். இவ்வளவு வசதியான எல்லைக்கோட்டைக் கற்பனை செய்துகூட வரைய முடியாது.

ஆண்டு முடிவானதும் இடப்பொருள்களைச் சரிபார்த்துவிடுங்கள். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலமும் 1843இல்தான் வந்தது. அதற்கு முன் நடக்கும் கதை என்றால் உங்கள் பாத்திரம் ஆற்றில் இறங்க வேண்டும், அல்லது படகுக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அப்போது இல்லை. மருதூர்தான் கடைசி அணை. ரயில் 1876இல் வந்தது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைக் கொண்டுவந்து அம்பாசமுத்திரத்தில் நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தென் திருவிதாங்கூரின் வரலாறு, அங்கேயே இருக்கட்டும்.

நோய் எவ்வளவு நேரம் தரும்

எந்த நோய் என்பதைப் பொறுத்தே கதையின் நடை அமையும். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளை ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாட்டியது. அதை ஆராயக் கம்பெனி ஒரு மருத்துவக் குழுவையே அமைத்தது. விட்டுவிட்டுத் திரும்பும் முறைக்காய்ச்சல் ஓர் ஊரை மெல்ல மெல்லத் தின்னும்; அறுக்க ஆளில்லாமல் கதிர் சாய்வதை அதில் காட்டலாம், ஆண்டுகளை நகர்த்தும் நாவலுக்கு அது பொருந்தும். அம்மைக்கு வேறு கணக்கு. சில நாள் காய்ச்சல், பிறகு முத்து, பிறகு பொருக்கு என்று மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பிழைத்தவருக்கு அது மறுபடி வராது. முகத்தில் தழும்புள்ள பெண் அஞ்சாமல் உள்ளே போவதற்கு வாசகர் நம்பக்கூடிய காரணம் அதில் ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அவளுடைய துணிவின் எடை குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாந்திபேதியே என் தேர்வு. 1817இல் வங்காளத்தில் பெரிதாக வெடித்த அது ஓரிரு ஆண்டுகளுக்குள் தென்கோடியையும் இலங்கையையும் எட்டி, அந்த நூற்றாண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. கடுமையாகத் தாக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போகும். கவனிப்பில்லாத கடும் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். கழிவு அரிசி கழுவிய தண்ணீரைப் போல இருக்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், கண் குழியில் இறங்கும், விரல்நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் நின்றவருக்குப் போலச் சுருங்கும், உடம்பு சில்லிடும். எழுதுகிறவருக்கு முதன்மையான செய்தி இனிமேல்தான் வருகிறது: பெரும்பாலும் நினைவு தப்பாது, குரல் மட்டும் கம்மிப்போகும். ஆகவே சாகக் கிடப்பவரும் அவரைக் கவனிப்பவரும் கடைசி வரை பேசிக்கொள்ள முடியும். ஆனால் நீண்ட வசனம் பேச முடியாது. நாலு சொல்லுக்கு மேல் நோயாளியின் வாயில் வைக்காதீர்கள்.

நோய் தண்ணீரில் வருகிறது என்பது உங்கள் பாத்திரங்களுக்குத் தெரியக் கூடாது. லண்டனில் ஜான் ஸ்னோ அதை 1854இல் ஒரு குழாயடியை வைத்து வாதிட்டுக் காட்டிய பிறகும் மருத்துவர் பலர் நம்பவில்லை. பேச்சி தண்ணீரைக் காய்ச்சுவதாக எழுதினால் அது உங்கள் பள்ளிப் பாடம், அவளுடைய அறிவன்று. ஆனால் கஞ்சி காய்ச்சும்போது தண்ணீர் கொதிக்கத்தானே செய்கிறது! நீர்த்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் சிலர் தேறிவிடுவதை அவள் கண்ணால் பார்த்திருக்கலாம். மாவுச்சத்தோடு சேரும்போது உப்பும் நீரும் குடலில் ஏறுகின்றன என்பது விளங்க மருத்துவத்துக்கு இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. அவள் ஏன் என்று அறியாமலே செய்யட்டும். அதே காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் ரசக் கலவையான கலோமல் கொடுத்தார்கள், அபின் கொடுத்தார்கள், இரத்தத்தை வடித்தார்கள். நோயாளிக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு துரையை மருந்துப் பெட்டியோடு வரவழைத்து எல்லாரையும் பிழைக்க வைக்கும் ஆசை தானாக அடங்கிவிடும். மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தது முதல் மிஷன் ஊழியர்கள் இச்சீமையில் இருந்தார்கள். நோய்க்காலங்களில் உதவியும் செய்தார்கள். அவர்களைக் கதையில் வைப்பதில் தவறில்லை. அவர்கள் கடிதங்களைச் சான்றாகக் கொள்ளும்போது, அவற்றில் சாவுகள் சமயப் பாடமாகவும் எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அதேபோல் அம்மனுக்குக் கொடை நேர்ந்துகொள்பவர்களை மூடர்களாக எழுத வேண்டாம். நோயை வீட்டுக்கு வந்த தாயாக எண்ணி வேப்பிலை கட்டியவர்கள், நோயாளியைத் தெருவில் எறியாமல் பார்த்துக்கொள்ள அந்த நம்பிக்கை எவ்வளவு உதவியது என்பதும் கதைக்குரிய பொருள்.

அளவுகள்

அடிமை வாழ்வைச் சாட்டையடியில் காட்டுவது எளிது. நெல்லைச் சீமையில் நெல் அளக்கும் மரக்காலில் காட்டுவது அதைவிடப் பொருந்தும். நெல்லின் அளவு கோட்டை. 21 மரக்கால் சேர்ந்தது ஒரு கோட்டை. நிலத்தையும் இத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் சொன்னார்கள். ஒரு குடும்பத்துக்கு அளந்து போடும் நெல் எத்தனை நாளைக்குக் காணும், தலைதட்டி அளக்கிறார்களா கூம்பாக விடுகிறார்களா, பதர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஒரு காட்சியில் காட்டிவிட்டால் பத்துப் பக்க விளக்கம் மிச்சம். உப்பையும் இப்படியே கணக்கில் வையுங்கள். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் தனியுரிமை. பேச்சி கஞ்சியில் போடுகிற ஒரு சிட்டிகை, அவளுடைய குடிசையில் ஒரு வேளைக் குழம்பிலிருந்து எடுத்தது.

தண்ணீரை ஊரின் படமாக வரைந்துகொள்ளுங்கள். கால்வாய் எங்கே பிரிகிறது, அக்கிரகாரத்துப் படித்துறை எங்கே, கிணற்றில் யார் இறைக்கலாம், யார் பிறர் ஊற்றும் வரை கைகுவித்துக் காத்திருக்க வேண்டும், சேரி எந்த மடைக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டால், மேலே துவைத்த துணியின் நோய் கீழே யார் வாய்க்குப் போகும் என்பது வெளிப்பட்டுவிடும். பாத்திரங்களில் ஒருவருக்கும் புலப்படாத அந்த வழி, படிக்கிறவருக்கு மட்டும் புலப்பட வேண்டும்.

வாசற்படி

இப்போது அந்தக் கணத்துக்கு வருவோம். இதை நான்கு முறை எழுதிப் பார்த்த பிறகே எனக்கு ஓரளவு பிடிபட்டது.

பண்ணை வீட்டார் மாட்டுவண்டி கட்டி ஊரை விட்டுப் போய்விட்டார்கள். புறப்படும் நாளில் வயிறு போகத் தொடங்கிய மூதாட்டியை விட்டுச் சென்றார்கள். பார்த்துக்கொள்ள வைத்த ஆளும் இரவோடு ஓடிவிட்டார். நெல் இருக்கும் பத்தாயத்தின் சாவி மூதாட்டியின் இடுப்பில் இருக்கிறது. சேரியில் நோய் கண்டவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு மணி நெல் இல்லை. பேச்சி வாசலில் வந்து நிற்கிறாள். அந்தப் படியை அவளோ அவள் தாயோ ஒருநாளும் மிதித்ததில்லை.

முதல் வரைவில் அவள் ஓடிப்போய் மூதாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கலியாண மலர் என்று பெயர் வாங்கியது அதுதான். இரண்டாம் வரைவில், எல்லாரையும் ஒன்றாக நேசிக்கும் தெய்வப் பெண்ணாக நின்றாள். தெய்வத்துக்கு அச்சம் கிடையாது என்பதால் துணிவுக்கும் வேலையில்லாமல் போயிற்று. மூன்றாவதில் சாவியை மட்டும் உருவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அது நேர்மையான காட்சி, அதை அப்படியே விட்டிருந்தாலும் ஒரு நல்ல சிறுகதை கிடைத்திருக்கும். நான்காவதில் உரையாடல் இப்படி வந்தது:

“நாச்சியாரே, சாவி வேணும்.”

“உள்ள வராத, ஏளா.”

“வரலன்னா நீங்க செத்துருவிய. எங்க தெருவுல அஞ்சு பேரு கெடக்காவ. மொதல்ல அவுகளுக்குக் காய்ச்சிட்டு வாரேன்.”

“தண்ணி…”

“அதுக்கு நான் தொடணும். பரவால்லையா?”

மூதாட்டி நெடுநேரம் பேசாமல் கிடந்து, பிறகு இடுப்பிலிருந்த சாவியைத் தானே அவிழ்க்க முயல்கிறார். சுருங்கிய விரல்களால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

இங்கே பேச்சி முதலில் யாருக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்ற வரிசையைக் கவனியுங்கள். தன் தெருவை முன்னால் வைத்துவிட்டு அதன் பிறகு அவள் திரும்பி வந்தால், அந்த வருகை அவள் தேர்ந்தெடுத்தது. வராமலிருக்க அவளுக்கு வேண்டிய அளவு காரணம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை. நீங்கள் எழுதும் காட்சி வேறாக இருக்கலாம். ஆனால் எழுதி முடித்ததும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: இவள் திரும்பி வராவிட்டால் இவளுக்கு என்ன கேடு வரும்? கேடு வரும் என்பது விடையானால், அவள் அச்சத்தால் வருகிறாள், காட்சியை மாற்றுங்கள்.

சொற்கள்

1840களின் பேச்சு நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆங்கிலச் சொல் கலவாத இன்றைய நெல்லைப் பேச்சை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்துவதே நான் கண்ட வழி. விளிச்சொற்களில் மட்டும் சிக்கனம் காட்டாதீர்கள். நயினார், நாச்சியார் என்று கீழிருந்து மேலே போகும் சொல்லும், லே, ஏளா என்று மேலிருந்து கீழே வரும் சொல்லும் எத்தனை வயதானாலும் மாறாமல் இருப்பதே அந்த உறவின் முழு வரலாறு. பண்ணை வீட்டுச் சிறுவன் அறுபது வயது ஆளை லே என்று கூப்பிடும் ஒரு வரி போதும். பேச்சி தன் தெருவுக்குள் வந்ததும் மதினி, மயினி, எய்யா, மக்கா என்று மொழி வேறாகி, குரலும் உயர வேண்டும்.

சாதிப் பெயர்கள் குறித்து என் முடிவு இது: பழைய ஆவணத்தை மேற்கோளாகக் கதைக்குள் வைக்கும்போது அதிலுள்ள சொல் அப்படியே நிற்கட்டும், பாத்திரம் பேசுவது பாத்திரத்தின் பொறுப்பு, கதைசொல்லியின் வாயில் இழிசொல் ஒன்றுகூட வரக் கூடாது. ஓலைகளின் நடைக்கு நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்ட ஓலைகளைத் தேடிப் படியுங்கள். நிலத்தையும் மனிதரையும் ஒரே நடையில் விலை பேசும் அந்த அமைதியான வாக்கியங்களை நம்மால் புனைய முடியாது. அரசு தரப்புக்கு 1841இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் அடிமைமுறை அறிக்கை உதவும். மாவட்ட ஆவணங்களுக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும். அங்கே அடிமையின் குரல் நேரடியாகக் கிடைப்பது அரிது. விலை, எண்ணிக்கை, தப்பியோட்டம் என்றுதான் கிடைக்கும். தப்பியோட்டம் பதிவாகியிருக்கும் பக்கங்களில் தங்கி நிதானமாகப் படியுங்கள்.

முடிவுப் பகுதி

நோய் தணிந்து பண்ணை வீட்டார் திரும்பி வரும் காட்சியைத் தவிர்த்துவிட்டுக் கதையை முடிக்கவே கை துடிக்கும். தவிர்க்காதீர்கள். மூதாட்டி பிழைத்திருக்கிறார், பத்தாயத்தில் நெல் குறைந்திருக்கிறது, தீண்டக் கூடாதவள் என்று அவர்கள் வைத்திருந்தவள் உள்ளறை வரை வந்து போயிருக்கிறாள். அவர்கள் முதலில் செய்யப்போவது நன்றி சொல்வதாக இருக்காது. வீட்டைக் கழுவித் தீட்டுக் கழிப்பார்கள், பிறகு நெல்லுக்குக் கணக்குக் கேட்பார்கள். மூதாட்டி அப்போது வாய் திறக்கிறாரா என்பதை நான் வெகுநாள் முடிவு செய்யாமல் வைத்திருந்தேன். கடைசியில் அவரைப் பேசவிடவில்லை. குரல் இன்னும் திரும்பவில்லை என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பிவிட்டது என்பது பேச்சிக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

கணக்குக் கேட்கும் இடத்தில்தான் ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும், அதுவும் யாரும் சட்டம் என்ற சொல்லை உச்சரிக்காமல். அம்பாசமுத்திரத்து அரசுக் கச்சேரிக்குப் போய்வந்த வண்டிக்காரர் ஒருவர், இப்போதெல்லாம் ஆளை விற்று எழுதிய ஆளோலையை அங்கே வாங்கிப் பார்ப்பதில்லையாம் என்று களத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். அதைப் பேச்சி கேட்டு வைத்திருப்பாள். குறைந்த நெல்லை உன் கூலியில் பிடிப்பேன் என்று பண்ணையார் சொல்லும்போது அவள், “பிடிங்க நயினாரே. எத்தன மரக்கான்னு எழுதிக் குடுத்துருங்க” என்கிறாள். அவளிடம் அதுவரை யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. பண்ணையார் கணக்குப்பிள்ளையைப் பார்க்கிறார். கணக்குப்பிள்ளை எழுத்தாணியைத் தேடுகிறார்.